நான் எந்தப் படியில் நிற்கிறேன்? – ஒளிப்படக் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் லென்ஸ் விலை, எந்த பிராண்டு என்ற விசாரிப்புகள் குறைவு. ‘நான் தேறியிருக்கிறேனா?’ என்பதையே ஆளுக்கொரு விதமாகக் கேட்டிருக்கிறார்கள். ஆகவே இந்த இதழில் அது மட்டும்.

மூன்று வருடமாக ஒரு டிஎஸ்எல்ஆரும் அதோடு வந்த கிட் லென்ஸும் வைத்திருக்கிறேன். வீட்டில் எல்லோரும் ‘சூப்பரா எடுக்கிறே’ என்கிறார்கள். பயிற்சி வகுப்பில் சேரப் போனால் ‘நீங்க பிகினரா, இன்டர்மீடியட்டா?’ என்று கேட்டார்கள். விழித்தேன். எப்படித் தெரிந்துகொள்வது?
– வாசகி, மயிலாப்பூர்

வீட்டார் பாராட்டுவது படத்தில் இருக்கும் ஆளை. பேத்தி சிரித்திருந்தால் பாட்டிக்கு அது நல்ல படம்தான், ஃபோகஸ் பின்னால் இருக்கும் ஃப்ரிட்ஜில் விழுந்திருந்தாலும். வருடக் கணக்கும் உதவாது. உங்களிடம் இருக்கும் ஆகச் சிறந்த படத்தைக்கூட அளவுகோலாக வைக்காதீர்கள். மூன்று வருடத்தில் பல ஆயிரம் தடவை அழுத்தியிருப்பீர்கள். அதில் நாலைந்து தானாகவே நன்றாக விழுந்திருக்கும். பார்க்க வேண்டியது இதை: அழுத்தும் முன் மனத்தில் இருந்ததும், பிறகு ஃபைலில் இருப்பதும் எவ்வளவு ஒத்துப்போகின்றன?

உங்கள் வீட்டுப் பக்கத்திலேயே இதைச் சோதிக்கலாம். கிட் லென்ஸின் ஜூம் வளையத்தை 35 மி.மீ.யில் நிறுத்தி, நகராதபடி ஒரு துண்டு டேப் ஒட்டுங்கள். மெனுவில் படம் எடுத்தவுடன் திரையில் காட்டும் வசதியை அணைத்துவிட்டு, திரையின் மேல் ஒரு அட்டையை ஒட்டிவிடுங்கள். காலை ஆறரை மணிக்கு மாட வீதிகளில் இறங்கி இரண்டு மணி நேரத்தில் 36 படங்கள், அவ்வளவுதான். பழைய ஃபிலிம் ரோலின் கணக்கு. ஒவ்வொன்றுக்கும் சிறு நோட்டில் ஒரு வரி: ‘பூக்காரர் கை மட்டும் கூர்மை, பின்னால் கோபுரம் மங்கலாக’, ‘சைக்கிள் நகர்வது தெரிய வேண்டும், ஆள் முகம் தெரிய வேண்டும்’. எழுத ஒன்றுமில்லை என்றால் அழுத்தாதீர்கள்.

வீட்டுக்கு வந்ததும் பார்க்க வேண்டாம். ஒரு வாரம் கார்டு அலமாரியில் இருக்கட்டும். எடுத்த அன்று பார்த்தால் அந்த இடத்தின் வாசனை, நீங்கள் பட்ட பாடு எல்லாம் சேர்ந்து மதிப்பெண் போடும். ஒரு வாரம் கழித்துக் கணினியில் 100 சதவீத அளவில் திறந்து, நோட்டின் வரியையும் படத்தையும் பக்கத்தில் வைத்து மூன்றாகப் பிரியுங்கள்: ‘எழுதியது வந்தது’; ‘எழுதியது வந்தது, ஆனால் பார்க்க ஒன்றுமில்லை’; ‘எழுதியது வரவில்லை’.

எங்கள் கைக்கணக்கு இது. கடைசி வகை 24க்கு மேல் போனால் கேமராவை இன்னும் கையாளப் பழக வேண்டும்; தயங்காமல் ‘பிகினர்’ என்று சொல்லிச் சேருங்கள், பணம் வீணாகாது. அது 12 முதல் 24க்குள் என்றால் நடுப்படி. 12க்கும் குறைவு, ஆனால் நடு வகை நிறைய என்றால் உங்களுக்கு ஷட்டர், அப்பர்ச்சர் (லென்ஸின் திறப்பு) வகுப்பு வேண்டாம். யாராவது உங்கள் படங்களை மேசையில் பரப்பி விமர்சிக்கும் வகுப்புதான் வேண்டும். இந்த மூன்றாவது நிலையில் இருப்பவர்கள்தான் திரும்பத் திரும்ப அடிப்படை வகுப்பில் சேர்ந்து சலித்துப்போகிறார்கள்.

பிரிக்கும்போது நான்கு ஓரங்களையும் தனியாகப் பாருங்கள். பாதி வெட்டப்பட்ட கை, மூலையில் நுழைந்த ஆட்டோவின் மஞ்சள், தலையில் முளைத்த மின்கம்பம், வானத்தைக் குறுக்கே அறுக்கும் கேபிள் ஒயர். இவை எடுக்கும்போது கண்ணில் பட்டனவா, இப்போதுதான் படுகின்றனவா? இப்போதுதான் என்றால் உங்கள் கண் வ்யூஃபைண்டரின் நடுவிலேயே குடியிருக்கிறது. தொடங்கியவர்கள் எல்லோருக்கும் அப்படித்தான். அழுத்தும் முன் கண்ணை ஒருமுறை நான்கு மூலைக்கும் ஓட்டுவது பழகச் சில வாரங்கள் பிடிக்கும்.

மேனுவல் மோடில் மட்டும்தான் எடுக்கிறேன். அப்படியானால் அட்வான்ஸ்டு என்று சொல்லலாமா?
– வாசகர், பெரம்பூர்

சொல்லக் கூடாது. எம் மோடில் வைத்துக்கொண்டு, உள்ளே தெரியும் ஒளி மீட்டரின் முள் நடுவுக்கு வரும்வரை சக்கரத்தைத் திருப்புகிறீர்கள் என்றால், கேமரா தானாகச் செய்யும் வேலையை நீங்கள் மெதுவாகச் செய்கிறீர்கள். தொழில்முறையாளர்களில் பலர் அப்பர்ச்சர் பிரையாரிட்டியில் (திறப்பை நாம் வைக்க, ஷட்டர் வேகத்தைக் கேமரா போடும்) வைத்து, கேமராவின் கணக்கைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷன் சக்கரத்தில் கட்டைவிரலை வைத்திருப்பார்கள்.

மீட்டர் எப்போது பொய் சொல்லும் என்று தெரிகிறதா என்பதே கேள்வி. தன் முன்னால் இருப்பது நடுத்தரச் சாம்பல் நிறம் என்று நினைத்துத்தான் மீட்டர் கணக்குப் போடும். வெள்ளை வேட்டி சட்டையில் நிற்பவரைச் சட்டகம் நிரம்ப எடுத்தால் வேட்டி அழுக்காகத் தெரியும். ஒன்று முதல் ஒன்றரை ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரு மடங்கு) கூட்ட வேண்டும். எண்ணெய் ஊறிய கருங்கல் நந்தியை எடுத்தால் கல் வெளுத்துப்போகும். அதே அளவு குறைக்க வேண்டும். அரக்குச் சிவப்புப் பட்டு, குங்குமக் குவியல் இரண்டும் வேறு வகை வம்பு. வெளிச்ச ஹிஸ்டோகிராம் (இருட்டை இடப்பக்கமும் வெளிச்சத்தை வலப்பக்கமும் காட்டும் வரைபடம்) ஒழுங்காகத் தெரியும். ஆனால் சிவப்புச் சேனல் மட்டும் வலது சுவரில் முட்டி, சரிகை மடிப்பெல்லாம் ஒரே சிவப்புத் திட்டாகிவிடும். மூன்று வண்ணங்களையும் தனித்தனியாகக் காட்டும் ஹிஸ்டோகிராமைப் பார்த்து, அரை ஸ்டாப்பிலிருந்து ஒரு ஸ்டாப் வரை இறக்குங்கள்.

இன்னொரு சோதனை, செலவே இல்லாதது. கேமராவை ஆன் செய்யும் முன் எண்களை வாய்விட்டுச் சொல்லுங்கள். உச்சி வெயிலில் ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளியுணர்வு) 100, ஷட்டர் வேகம் 1/100 விநாடி, அப்பர்ச்சர் எஃப்/16. கடற்கரை மணலில் நின்றால் வெளிச்சம் கீழிருந்தும் திருப்பியடிக்கும். இன்னும் ஒரு ஸ்டாப் குறைக்கலாம். அதே வெயிலில் கட்டட நிழலுக்குள் வந்தால் ஏறத்தாழ எஃப்/5.6. இரவில் டியூப்லைட் எரியும் கூடத்தில் ஐஎஸ்ஓ 1600, எஃப்/4, 1/60. பத்து இடங்களில் சொல்லிப் பார்த்து, எட்டில் ஒரு ஸ்டாப்புக்குள் வந்தால் நீங்கள் வெளிச்சத்தைப் படிக்கிறீர்கள். மோடு சக்கரம் எந்த எழுத்தில் நின்றால் என்ன?

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் விடியற்காலையில் 400 படம் எடுத்தேன். ஐந்துதான் தேறியது. நூற்றுக்கு ஒன்றேகால்! நான் இவ்வளவு மோசமா?
– வாசகர், திருவொற்றியூர்

தேறிய எண்ணிக்கையை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. மீன் ஏலத்தில் ஆட்கள் ஓடுகிறார்கள், வெளிச்சம் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மாறுகிறது. அங்கே 400க்கு ஐந்து கௌரவமான கணக்கு. வீட்டு ஜன்னலோரம் வைத்த மாம்பழத்தை 400 எடுத்து ஐந்து தேறினால்தான் கவலை. உங்கள் நிலையைச் சொல்லப் போவது மீதி 395 படங்கள். அவற்றை அழித்துவிடவில்லையே?

அதிலிருந்து நூறை எடுத்து, ஒவ்வொன்றும் ஏன் தோற்றது என்று ஒரே சொல்லில் எழுதுங்கள். ‘ப்ளர்’ என்று எழுதினால் ஏற்க மாட்டோம். ப்ளரில் பல சாதி உண்டு. படம் முழுக்க, நிற்கும் கம்பம் உட்பட, ஒரே திசையில் இழுபட்டிருந்தால் உங்கள் கை ஆடியிருக்கிறது. படகும் கயிறும் கூர்மையாக இருந்து கூடை தூக்கியவர் மட்டும் கலைந்திருந்தால் ஷட்டர் வேகம் போதவில்லை. ஆள் மங்கி, அவருக்குப் பின்னாலோ முன்னாலோ வேறேதோ பளிச்சென்று இருந்தால் ஃபோகஸ் தவறான இடத்தில் பூட்டியிருக்கிறது. எங்கேயும் எதுவும் கூர்மையில்லை, விளக்குகளைச் சுற்றி வட்டம் வேறு என்றால் லென்ஸில் உப்புத் துளியோ விரல் எண்ணெயோ ஈரமோ.

நான்குக்கும் மருந்து வேறு. விடியலில் நடக்கும் ஆளை நிறுத்த 1/250 வேண்டும். அந்த வெளிச்சத்தில் எஃப்/4 என்றால் ஐஎஸ்ஓ 1600, இன்னும் இருட்டென்றால் 3200. பலர் ஆட்டோ ஐஎஸ்ஓவின் உச்சத்தை 800இல் பூட்டி வைத்திருப்பார்கள், ‘நாய்ஸ் வரும்’ என்று யாரோ பயமுறுத்தியதால். அதனால் கேமரா ஷட்டரை 1/30க்கு இறக்கிவிடும். நாய்ஸால் புள்ளி விழுந்த படத்தை ஓரளவு சீராக்கலாம். இழுபட்ட முகத்தை எந்த மென்பொருளாலும் நம்பும்படி மீட்க முடியாது. ஃபோகஸ் தவறென்றால், கேமராவே புள்ளியைத் தேர்ந்தெடுக்கும் முறையை விட்டுவிட்டு ஒற்றைப் புள்ளிக்கு மாறுங்கள், ஆள் நகர்ந்தால் தொடர் ஃபோகஸ்.

கை ஆட்டத்தை வீட்டிலேயே அளந்துவிடலாம். சுவரில் தொங்கும் தினசரி காலண்டரை இரண்டு மீட்டர் தள்ளி நின்று, 50 மி.மீ.யில், லென்ஸின் அதிர்வு தடுப்பை அணைத்துவிட்டு எடுங்கள். 1/125, 1/60, 1/30, 1/15, ஒவ்வொன்றிலும் ஐந்து படம். ராகு காலம், எமகண்டம் என்ற சின்ன எழுத்து நாலு படத்திலாவது படிக்க வருகிறதா? வரும் கடைசி வேகம்தான் உங்கள் எல்லை. ஃபோகல் நீளத்தைத் தலைகீழாக்கும் பழைய விதிப்படி 50 மி.மீ.க்கு 1/50; சிறு சென்சார் கேமராவில் அது ஏறத்தாழ ஒன்றரை மடங்காகி 1/80 வேண்டும். உங்கள் கை அதைவிட நன்றாக இருக்கலாம், மோசமாகவும் இருக்கலாம். முழங்கைகளை விலாவோடு ஒட்டி, பாதி மூச்சை விட்டு, மூன்று படம் தொடர்ச்சியாக அழுத்தினால் நடுவில் உள்ளது பெரும்பாலும் நன்றாக இருக்கும். கிடைத்த எண்ணை ஒரு சீட்டில் எழுதிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். பிறகு அதிர்வு தடுப்பைப் போட்டு இன்னொரு எண்.

நூறு காரணங்களை எழுதி முடித்தால் அநேகமாக அறுபது எழுபது ஒரே காரணமாக இருக்கும். அதை மட்டும் ஒரு மாதம் கவனியுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் வரிசையாகக் கரையில் நிற்கும். ஏலப் பரபரப்பு இல்லை என்று பலர் அப்போது போவதில்லை. அசையாத படகு, மெதுவாக வலை பின்னும் கை என்று நிதானமாகப் பழக அதைவிடத் தோதான காலம் கிடையாது. வலை பின்னுகிறவரிடம் ‘அண்ணே, எடுத்துக்கலாமா?’ என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு.

என்னிடம் செல்போன் மட்டும்தான். சோதித்துக்கொள்ளும் தகுதியாவது உண்டா?
– கல்லூரி மாணவர், தாம்பரம்

உண்டு. ஆனால் போன் உங்களைக் கேட்காமலே நிறையச் செய்துவிடும்: பல படங்களை எடுத்து அடுக்கி ஒன்றாக்கும், நிழலைத் தூக்கும், முகத்தை வழுவழுப்பாக்கும். எது உங்கள் வேலை, எது அதன் வேலை என்று பிரித்துப் பாருங்கள். நைட் மோடில் ஓடும் குழந்தை எப்படி வரும், போர்ட்ரெய்ட் மோடில் கூந்தலின் மல்லிகைச் சரத்தில் எந்த இடம் சேர்ந்து மங்கும், மூக்குக் கண்ணாடியின் ஓரம் எங்கே கரையும் என்று எடுப்பதற்கு முன் சொல்லிவிட்டு எடுங்கள். முக்கிய லென்ஸ் அகலக் கோணம். பக்கத்தில் போய் முகத்தை எடுத்தால் மூக்கு பெரிதாகும். இரண்டடி பின்னால் போய் 2 எக்ஸ் போடுகிறீர்களா? திரையை அழுத்திப் பிடித்து எக்ஸ்போஷரைப் பூட்டிவிட்டு, விரலைக் கீழே இழுத்து இருட்டாக்கத் தெரியுமா? இவை தெரிந்தால் 36 பட சோதனையைப் போனிலும் செய்யலாம். முதலில் லென்ஸைச் சட்டை நுனியால் துடையுங்கள். சென்னை வேர்வையில் பாக்கெட்டில் கிடந்த போனின் பாதிக் குறை அங்கேதான்.

நண்பனின் தங்கை கல்யாணத்துக்கு ‘நீயே எடுத்துடுடா, பணம் தர்றோம்’ என்கிறார்கள். ஒரு கேமரா, 50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸ், கிட் லென்ஸ், ஒரு ஃப்ளாஷ் இருக்கிறது. நான் தயாரா என்று எப்படி முடிவெடுப்பது?
– வாசகர், குரோம்பேட்டை

ஒரே கேமரா என்றால் பதில் அங்கேயே முடிந்துவிட்டது: தனியாக ஒப்புக்கொள்ளாதீர்கள். ஷட்டர் நின்றுபோனால் தாலி கட்டுவதை மறுபடி கட்டச் சொல்ல முடியாது. இரவல் வாங்கியாவது இரண்டாவது கேமரா, நான்கு பேட்டரி (மிரர்லெஸ் கேமராக்களில் பல, ஒரு சார்ஜுக்கு 300, 400 படத்தில் களைத்துவிடும்), இரண்டு கார்டில் ஒரே நேரத்தில் பதியும் வசதி. அது இல்லாவிட்டால் 128 ஜிபி ஒன்றுக்குப் பதில் 32 ஜிபி நான்கு. ஒன்று கெட்டாலும் முழுக் கல்யாணமும் போகாது. அன்றிரவே இரண்டு இடத்தில் நகல் எடுக்கும்வரை எந்தக் கார்டையும் ஃபார்மேட் செய்யக் கூடாது.

சாமான் சரி. ஆள் தயாரா? மண்டபத்தில் என்ன நடக்கும் என்பதை வரிசையாகச் சொல்லுங்கள் பார்ப்போம். அந்தக் குடும்பத்தின் முறைப்படி மாலை மாற்றுவது, ஊஞ்சல், கன்யாதானம், தாலி, அம்மி மிதிப்பது, எது எதற்குப் பிறகு? தாலியில் முதல் முடிச்சு மாப்பிள்ளை போட, மற்றவற்றை நாத்தனார் போடும் வழக்கம் என்றால் அவர் எந்தப் பக்கத்திலிருந்து குனிவார்? நாதஸ்வரக்காரர் கெட்டிமேளத்துக்கு மாறிய நொடியில் கூடம் முழுக்க எழுந்து நிற்கும், அட்சதைக் கைகள் லென்ஸுக்கு முன் வரும், வீடியோக்காரர் தன் விளக்கோடு உள்ளே நுழைவார். அதற்குச் சில நிமிடங்கள் முன்பே மணமேடையில் உங்கள் இடத்தில் முழங்காலிட்டிருக்க வேண்டும். வாத்தியாரிடம் முன்கூட்டி இரண்டு வார்த்தை பேசி வைப்பவர்களுக்கு அந்த இடம் கிடைக்கும்.

இப்போது வெளிச்சம். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மலிவான எல்இடி விளக்கு விநாடிக்கு 100 தடவை மினுக்கும். 1/250, 1/500 என்று போனால், அதுவும் ஓசையில்லாத மின்னணு ஷட்டரில், படத்தில் கறுப்புப் பட்டை விழும். மெக்கானிக்கல் ஷட்டர், 1/100 அல்லது 1/50 பாதுகாப்பு. மேடைக்குப் பின்னால் எல்இடி திரை இருந்தால் அதன் மினுக்கல் வேறு கணக்கு. அதற்குச் சூத்திரம் கிடையாது. காலையில் ஆள் வரும் முன் 1/60இலிருந்து 1/200 வரை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துத்தான் பிடிக்க வேண்டும். ஃப்ளாஷை மேலே திருப்பிக் கூரையில் அடிக்கலாம் என்று பழகியிருப்பீர்கள். மண்டபத்தில் கூரை எட்டாத உயரத்தில் இருக்கும், அல்லது மஞ்சள் துணி கட்டியிருப்பார்கள். பெண்ணுக்கு மஞ்சள் காமாலை வந்துவிடும். பக்கத்துச் சுவர் வெள்ளையா என்று பாருங்கள், இல்லையென்றால் ஒரு வெள்ளை அட்டையை ஃப்ளாஷில் கட்டுங்கள். ரா ஃபைலில் (கேமரா மெருகேற்றாத மூலப் பதிவு) எடுத்தால் நிறத்தைப் பிறகு கொஞ்சம் இழுக்கலாம். ஆனால் முகத்தின் ஒரு பக்கம் நீல விளக்கு, மறுபக்கம் ஃப்ளாஷ் என்று கலந்துவிட்டால் ரா ஃபைலும் கைவிரிக்கும்.

உங்கள் 50 மி.மீ. லென்ஸில் எஃப்/1.8 ஆசை காட்டும். ஒரு மீட்டர் தூரத்தில், சிறு சென்சார் கேமராவில், கூர்மை ஏறத்தாழ 3 செ.மீ. ஆழத்துக்குத்தான் நிற்கும். பெண் சற்றுத் திரும்பினால் ஒரு கண் கூர்மை, மறு கண் பஞ்சு. இருவர் நின்றால் எஃப்/4, குடும்பமே வரிசையாக நின்றால் எஃப்/5.6 அல்லது 8. ஹோமப் புகை எழுந்தால் ஆட்டோ ஃபோகஸ் முன்னும் பின்னும் தேடித் தவிக்கும். புகைக்கு அப்பால் பூணூல், சரிகைக் கரை போல வெளிச்சமும் இருட்டும் சேரும் விளிம்பில் புள்ளியை வையுங்கள். சாம்பல் பறக்கும் இடத்தில் லென்ஸ் மாற்ற வேண்டாம்.

இத்தனையையும் படிக்கும்போது ‘ஆமாம், தெரியும்’ என்று தோன்றினால், அதே வெளிச்சத்தில், அதே அவசரத்தில் ஒரு சீமந்தமோ ஆயுஷ்ய ஹோமமோ பணம் வாங்காமல் எடுத்துப் பாருங்கள். பத்து முக்கியத் தருணங்களை முதல் நாளே எழுதி வைத்து, பத்தும் கொடுக்கத் தக்க படமாக வந்ததா என்று பாருங்கள். அழகாக வர வேண்டியதில்லை, விட்டுப்போகாமல் வந்தால் போதும். ஏழு வந்தால் பொழுதுபோக்காளராக அது நல்ல கணக்கு. தாலிக்கு அது பத்தாது. நண்பனிடம் ‘ஒரு ஆளைப் போட்டுடு, நான் ரெண்டாவது கேமராவா கூட நிக்கிறேன்’ என்று சொல்வதில் வெட்கம் ஒன்றுமில்லை. இரண்டாவது கேமராவாக நான்கு கல்யாணம் நின்றவருக்கு இந்தக் கேள்வியே வராது.

இன்ஸ்டாகிராமில் 900 லைக் வாங்கிய படம் ஒரு போட்டியில் முதல் சுற்றிலேயே வெளியே போனது. யார் சொல்வது சரி?
– வாசகி, அண்ணா நகர்

இருவரும் வேறு கேள்விக்குப் பதில் சொல்கிறார்கள். லைக் போடுகிறவர் கட்டைவிரல் அகலத்துப் படத்தைப் பார்த்து, ‘ஆஹா, மெரினாவில் சூரியன்’ என்று பொருளுக்குப் போடுகிறார். நடுவர் அதே காலையில் மெரினா சூரியன் இருபதைப் பெரிய திரையில் பார்த்திருப்பார். அடிவானம் அரை டிகிரி சாய்ந்தது அவர் கண்ணில் முதலில் படும். உங்கள் நிலையை அறிய இரண்டுமே குறைவான சான்று. ஒரு படம், ஒரு முடிவு.

தொகுப்பாகப் பாருங்கள். 1853இல் லண்டனில் தொடங்கிய ராயல் ஃபோட்டோகிராஃபிக் சொசைட்டியின் முதல் படித் தகுதிக்கு 10 படங்களும், அடுத்த படிக்கு 15 படங்களும் ஒன்றாக வைக்கச் சொல்வார்கள். ஒன்பது பிரமாதம், பத்தாவது சுமார் என்றால் அந்தச் சுமார்தான் பேசும். மற்ற ஒன்பதும் தற்செயலோ என்ற ஐயம் வந்துவிடும். 1858இல் தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டை லின்னேயஸ் டிரைப் என்ற ஆங்கிலேய ஒளிப்படக்காரர் 21 படங்களாக எடுத்து, பக்கத்தில் பக்கமாக ஒட்டி ஒரே நீளப் படமாக்கினார். காகித நெகட்டிவ் காலம். வெளிச்சமும் உயரமும் தூரமும் 21 தடவையும் ஒத்துவர வேண்டும், ஒன்று பிசகினாலும் ஒட்டு தெரியும். திறமை என்று நாங்கள் சொல்வது அந்தத் திரும்பச் செய்யும் கைதான்.

உங்கள் படங்களில் 20ஐ எடுத்து, 4×6 அளவில் சாதாரணப் பிரின்ட் போட்டு, முதலிலிருந்து கடைசிவரை வரிசைப்படுத்துங்கள். வரிசையைப் பின்புறம் பென்சிலில் குறித்துவிட்டு உறையில் போட்டு மூடுங்கள். ஐந்து வாரம் கழித்துக் கலைத்துப் போட்டு, பின்புறம் பார்க்காமல் மறுபடி வரிசை. முதல் ஐந்தில் நான்கு திரும்ப வந்தால் உங்களுக்கென்று ஒரு ரசனை படிந்திருக்கிறது. இரண்டுதான் வந்தது என்றால் எடுப்பதைவிடத் தேர்ந்தெடுப்பது உங்களுக்குப் பலவீனம். இது ரொம்பப் பேருக்கு உண்டு. போட்டிக்கு அனுப்பும்போது தன் நல்ல படத்தை வீட்டில் வைத்துவிட்டு அடுத்ததை அனுப்புகிறவர்கள் இவர்கள்தான்.

வரிசையில் முதலில் நின்றதை 12×18 அங்குலத்தில் போடுங்கள். அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற கணக்கில் 3600க்கு 5400, ஏறத்தாழ 19 மெகாபிக்சல் வேண்டும். பாதியாக வெட்டி (க்ராப்) எடுத்த படம் தாங்காது, 8×12 போதும் அதற்கு. சாப்பாட்டு மேசைக்கு எதிரே மாட்டி வையுங்கள். இரண்டாம் வாரத்திலேயே கண் அதைத் தாண்டிப் போகிறதா என்று பாருங்கள்.

ஐந்து வருடமாக ஒரே இடத்தில் நிற்கிறேன். புது லென்ஸ் வாங்கினால் நகர்வேனா?
– வாசகர், வேளச்சேரி

கடந்த ஒரு வருடப் படங்களின் விவரக் குறிப்பைக் கணினியில் பாருங்கள். ஃபோகல் நீளம் வாரியாக வடிகட்டலாம். பாதிக்கு மேல் ஜூமின் நீளக் கோடியில், உதாரணமாக 55 மி.மீ.யில் நின்று, அதையும் க்ராப் செய்திருக்கிறீர்கள் என்றால் நீள லென்ஸ் கேட்பதில் நியாயம் உண்டு. பள்ளிக்கரணைப் பறவைகளை 55இல் எடுக்க யாராலும் முடியாது. பறக்கும் பறவைக்கு 1/1000க்குக் கீழே இறங்கவும் கூடாது. எல்லாம் 18க்கும் 35க்கும் நடுவில், எஃப்/5.6இல், காலை பத்து மணிக்கு மேல் எடுத்தவை என்றால் லென்ஸில் குறையில்லை. அலாரத்தை ஐந்துக்கு மாற்றுங்கள். சென்னையில் ஜூனில் ஐந்தே முக்கால் வாக்கிலும் ஜனவரியில் ஆறரை வாக்கிலும் சூரியன் கடலிலிருந்து எழும்; அதை ஒட்டிய ஒரு மணி நேரம் இலவசம்.

ஏ.சி. அறையிலிருந்து கேமராவை எடுத்துக்கொண்டு அதிகாலையில் பெசன்ட் நகர் கடற்கரைக்குப் போனால் முதல் இருபது படமும் மூடுபனியாக வருகிறது. இதையும் என் திறமைக் குறைவில் சேர்க்க வேண்டுமா?
– வாசகர், அடையாறு

முதல் தடவை என்றால் வேண்டாம். மூன்றாவது தடவை என்றால் சேர்த்துக்கொள்ளுங்கள். 23 டிகிரியில் குளிர்ந்த கண்ணாடியின் மேல் ஈரக் கடற்காற்று பட்டதும் நீர் படிகிறது. முதல் நாள் இரவே பையை ஏ.சி. இல்லாத கூடத்தில் வைத்துவிடுங்கள். மறந்துவிட்டால் கேமராவை ஜிப் வைத்த பாலிதீன் உறையில் காற்றை அழுத்தி வெளியேற்றிப் போட்டு, வண்டியிலும் ஏ.சி. போடாமல், அரை மணி நேரம் விடுங்கள். நீர் உறையின் மேல் படியும், லென்ஸின் மேல் படியாது. படிந்த பிறகு துடைத்துக்கொண்டே இருந்தால் மறுபடி படிந்துகொண்டே இருக்கும், உப்புத் துகள் வேறு பூச்சைக் கீறும். அந்த நேரத்தில் லென்ஸைக் கழற்றினால் சென்சாரிலும் ஈரம் ஏறும். திரும்பி வந்ததும் கேமராவின் வெளிப்புறத்தை நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒருமுறை, காய்ந்த துணியால் ஒருமுறை துடைத்துவிட்டு, புதிய சிலிகா ஜெல் பொட்டலத்தோடு டப்பாவில் மூடி வையுங்கள்.